சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிச்சி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே காம்பவுண்டுச் சுவர். வாடிப்பட்டி சாலையில் ஒரு நர்சரியில் வாங்கி நான் வைத்த பிச்சிக்கொடி, மண் பிடித்துப்போய், சுவரேறி அந்தப் பக்கமும் சரிந்துவிட்டது. மழைக்குமுன் வரும் புழுக்கத்தில் இலை தெரியாமல் மொட்டுவிடும். மாலையானால் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்த வீட்டு அக்கா. பறித்துக்கொண்டே குழம்பிலிருந்து மாமியார்வரை பேசித் தீர்ப்போம்.

போன ஆவணியில் அக்காவின் கணவர் இறந்துபோனார். காரியம் முடிந்தும் அக்கா வெளியே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் பக்கம் தொங்கிய கொடி முழுவதையும் வெட்டினேன். இனி பூ வைக்க மாட்டார். அது எதற்கு அவர் கண்முன்னே தொங்கவேண்டும் என்று நினைத்தேன். கயிறு பிடித்ததுபோல் சுவர் விளிம்போடு நேராக வெட்டினேன். ஒரு இலைகூட அங்கே விழாமல் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டலாம்ல?" என்றார் என் கணவர்.

"இதப் போய் எப்படிங்க கேக்குறது?"

அந்த வாரமே ஒரு மாலை, நான் பறித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது.

"ஏத்தா, கொடிய ஆடு மேஞ்சிருச்சா?"

"இல்லக்கா, நான்தான்... உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"எம்புருசன்தான போனாரு? மூக்குமா போயிருச்சு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பொழுது சாஞ்சா ஜன்னல் வழியா அந்த வாசம் வரும். வந்த சனம் அம்புட்டும் ஊருக்குப் போனப்புறம் அது ஒண்ணுதான் வீட்டுக்குள்ள வந்துக்கிட்டிருந்துச்சு."

அவருக்காக வெட்டியதாகத்தான் அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பூப்பறிக்க வந்து நின்றால் என்ன பேசுவது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பயந்தது நான்தான்.

"ஒம்பக்கம் பூத்துக் கெடக்குல்ல. ஒரு கை குடு."

கிண்ணத்திலிருந்து அள்ளினேன். "சாமி படத்துக்கா அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எனக்குத்தான். தலகாணிகிட்ட வச்சுக்கிறதுக்கு."

கையை நீட்டுவதற்குள் என் கண் எதிர்வீட்டு மாடிக்குப் போய்வந்தது. அதை அவரும் பார்த்துவிட்டார்.

"யாரும் பாக்கலத்தா. குடு."

கொடுத்தேன். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டார். கீழே உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நிமிரவில்லை.