போதகரின் அங்கியில் குங்குமம்

அந்தப் போதகர் செத்துப் பல வருஷமாகிறது. என் ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் நடந்தது இது. அப்பாவுக்குத் திருச்சிக் கடைவீதியில் தையல் கடை. கூட்டாளி உறையூர்க்காரர், இந்து. நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஆளுக்கொரு மிஷின், வருகிற வேலை பொது. மத்தியானம் அம்மா கொண்டுபோகும் சோற்றை இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். சித்தப்பாவின் சாதிக்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

ஆயுதபூஜையன்று சித்தப்பா இரண்டு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். அப்பா தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பொரிகடலை வந்ததும் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார். என் கல்யாணம் நிச்சயமான வருஷம், பூஜைக்கு மறுநாள் போதகரின் வெள்ளை அங்கியை அவசரமாகத் தைத்துக் கொடுத்தார் அப்பா. மிஷினைச் சரியாகத் துடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று ஜெபித்தபோது முதுகில் குங்குமம் பளிச்சென்று தெரிந்தது. சபையே பார்த்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சாயங்காலமே போதகர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அவிசுவாசியோட ஒரே நுகத்துல கழுத்தை நீட்டினா இப்படித்தான் ஆகும். அந்தக் கூட்டை விட்டுடு. அதுவரைக்கும் உன் மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன்."

"துடைக்காம விட்டது நான்தாங்க ஐயா. அவர் மேல தப்பு இல்லீங்க" என்றார் அப்பா.

"எல்லாம் உன் ஆத்துமாவுக்காகத்தான் சொல்றேன்."

என்ன அக்கறை! அவருடைய தேவாலயத்தில் மேல்சாதி விசுவாசிகள் வலது பக்கம் பெஞ்சில் உட்காருவார்கள், நாங்கள் இடது பக்கம் தரையில். நடுவில் மரக்கிராதி. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பிரசங்கித்ததில்லை.

மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து அறிவிக்காமல் எங்களுக்குள் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்பா எனக்காகப் பணிந்து, சித்தப்பாவைப் போகச் சொன்னார். சித்தப்பா தன் மிஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு உறையூருக்குப் போய்விட்டார்.

ஓலை வாசித்தார்கள். சித்தப்பாவின் இடத்துக்குப் போதகரே ஒரு விசுவாசியை அனுப்பிவைத்தார், கிராதிக்கு அந்தப் பக்கத்துக்காரர். முதல் நாள் மத்தியானம் அம்மா அவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"வேணாம்மா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிறேன்."

"தண்ணியாவது குடிங்க."

"அதுவும் வேணாம்."

அப்பா அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டு உறையூருக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். சித்தப்பா பாய் விரித்து உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். அப்பா மறுபடியும் கடைக்கு வரும்படி கெஞ்சினார்.

"பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்ண்ணே. நான் வரல. நாளைக்கு அவருக்கு வேற எதுக்காவது கோவம் வந்தா, திரும்பவும் என்னைத்தானே போகச் சொல்லுவீங்க?"

அப்பா மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

கல்யாணத்துக்கும் சித்தப்பா வரவில்லை. போதகர் தம் பிரசங்கத்தில் அப்பாவைக் கைகாட்டி, அவிசுவாசியின் கூட்டை உதறிவிட்டு வந்த மனுஷன் என்று புகழ்ந்தார். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மனந்திரும்பியவனின் கண்ணீர் என்று சொல்லிச் சபையார் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள்.