நாலு வராத வரிசை

இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹோட்டலில் வைத்து என்னைப் பெண் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் தனியா பேசிட்டு வாங்க" என்று பக்கத்து மேசைக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை முகிலன் கால்நடை மருத்துவர். நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும், டிஷ்யூ பேப்பரில் 1 என்று எழுதினார்.

"இதைப் படிங்க."

"ஒரு ஒண்ணு."

அதையே கீழே 11 என்று எழுதினார். அது இரண்டு ஒன்று, ஆகவே 21. அதைப் படித்தால் ஒரு இரண்டு, ஒரு ஒன்று: 1211. இப்படியே முந்தைய வரியைப் படித்து அடுத்த வரி.

"காலேஜ்லேர்ந்து எழுதிப் பாக்குறேங்க. நாலு மட்டும் வரவே இல்ல. ஏன்னு தெரியல."

"போகப் போக வருங்க" என்றேன். எண் நீண்டுகொண்டே போகிறது, வராமல் எங்கே போகும்?

பேப்பர் தீரும்வரை எழுதினேன். வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நாலு வர, முந்தைய வரியில் 1111 இருக்க வேண்டும். அதற்கு யாரோ "ஒரு ஒன்று, ஒரு ஒன்று" என்று படித்திருக்க வேண்டும். சேர்த்து "இரண்டு ஒன்று" என்றுதானே படிப்போம்? ஓர் இடம் தள்ளிப் பிரித்துப் படித்தாலும், 2222, 3333 என்றாலும் இதே கதிதான்.

முகிலனுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உறையூர் திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள். "என்னடி சொல்ற? நாலாம் தேதி நிச்சயம் வெச்சுக்கலாமான்னு கேக்குறாங்க."

அதிர்ச்சி விலகாமல், "நாலு வரவே வராதும்மா" என்றேன்.

"நாலாம் தேதி வேணாமா? சரி, அஞ்சாம் தேதியே நிச்சயத்தை வெச்சுக்கலாம்" என்று அங்கிருந்தே அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

நாலு ஏன் வராது என்று அம்மாவுக்கு யாராவது விளக்குங்கள். அஞ்சாம் தேதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.