ரெஜினா எழுதிய மூன்று ‘இல்லை’

ரெஜினாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்று அவளுடைய அப்பா தைரியநாதன் சொல்லாத ஆளில்லை. நெய்வேலி முதல் சுரங்கத்தில் மெக்கானிக்காக இருபத்தாறு வருஷம் ஒரே ஷெட்டுக்குப் போய்வந்தவர் அவர். மகள் பி.காம். முடித்து, டைப்பிங் ஹையரும் பாஸ் செய்தபோது, டவுன்ஷிப்பில் எங்காவது ஓர் அலுவலகத்தில் பெர்மனென்ட் ஆகிவிடுவாள் என்று நம்பினார். அவளோ தனியார் பள்ளிக்கூடத்தில் எட்டு மாதம், கம்ப்யூட்டர் சென்டரில் ஐந்து மாதம் என்று இருந்துவிட்டு, சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தாள். அங்கேதான் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தாள். எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, அதற்கு எத்தனை சான்றிதழ் வேண்டும், ஒரு எழுத்து தவறினால் கண்டெய்னர் எங்கே நின்றுபோகும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமானது.

1996-இல் பெனடிக்டைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கே திரும்பினாள். அவன் அனல்மின் நிலையத்தில் ஆபரேட்டர். ஷிப்டுக்குப் போவான், வருவான், தூங்குவான். குவார்ட்டர்ஸைச் சுற்றியிருந்த மரங்களை இரண்டு மாதம் எண்ணிப் பார்த்த பிறகு, ஒருநாள் காலை அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்த கையோடு பண்ருட்டி பஸ் ஏறி, காடாம்புலியூரில் அப்துல் கபாரின் முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கேட்டாள். அவருக்கு அப்போது ஆவணங்கள் தயாரிக்க ஆள் இல்லாமல் ஒரு சரக்கு துறைமுகத்தில் கிடந்தது. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

மூன்று வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. 1999 கோடையில், சரக்கில் பெரும்பகுதியை வாங்கும் ஹாலந்து வாடிக்கையாளரிடமிருந்து முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. சர்வதேச வர்த்தகமும் நீடித்த வளர்ச்சியும் என்று தலைப்பு. இனிமேல் பருப்பின் தரம் மட்டும் போதாது; அதை உடைப்பது யார், எப்படி உடைக்கிறார்கள், ஓடு எங்கே போகிறது என்றும் தெரியவேண்டுமாம்.

கபார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுடும்மா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க.”

ரெஜினா பதினொரு ‘ஆம்’ அடித்தாள். பன்னிரண்டாவது கேள்வியில் விரல் நின்றது. முந்திரி ஓட்டின் எண்ணெயிலிருந்து தொழிலாளரின் கைகளுக்குப் பாதுகாப்பு உண்டா? அவள் உட்கார்ந்திருந்த அறைக்குப் பின்னால் ஐம்பதடி தூரத்தில்தான் உடைக்கும் கொட்டகை. மூன்று வருஷமாகக் கட்டையால் கொட்டை தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டைப் அடித்திருக்கிறாள். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. எழுந்து போனாள்.

எழுபத்தொரு பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்த வீராயிக்கு நாற்பது வயதிருக்கும். முத்தாண்டிக்குப்பத்துக்காரி. ரெஜினா பக்கத்தில் குந்தியதும் தட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

“இன்னாம்மா, ஆபீஸ்ல காத்து வரலியா?”

“உங்க கையப் பாக்கணும்க்கா.”

வீராயி கட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். விரல்நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, உரிந்த இடத்தில் மறுபடி கறுத்திருந்தன. கட்டைவிரலில் ரேகையே இல்லை.

“கைநாட்டு வச்சா வெறும் மைதான் வுழுது. ரேஷன் கடையில சிரிக்கிறாங்க. சாம்பல் பூசிக்கினுதான் ஒடைக்கிறோம். அது எம்மாம் நேரத்துக்கு நிக்கும்?”

“கையுறை போட்டுக்கிட்டா?”

“போட்டா பருப்பு முழுசா வருதா ஒடஞ்சி வருதான்னு வெரலுக்குத் தெரியாதும்மா.”

ரெஜினா திரும்பி வந்து மூன்று இடத்தில் ‘இல்லை’ என்று அடித்தாள். கைப் பாதுகாப்பு இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஓடு எரிக்கும் புகை குடியிருப்புப் பக்கம் போகாமல் ஏற்பாடு இல்லை. அது நேராகப் பால்வாடிக்குள் போனது. படிவத்தைக் கபாரின் மேஜையில் வைத்து, மூன்றையும் விரலால் காட்டினாள்.

“மாத்தும்மா,” என்றார் அவர்.

“என் கையால முடியாதுங்க பாய். நீங்க வேணா மாத்திக்குங்க.”

கபார் பேனாவைத் திறந்தார். முதல் ‘இல்லை’க்கு மேல் பேனா முனை சற்று நேரம் நின்றது. அவருடைய அம்மாவும் ஒருகாலத்தில் வீட்டில் கொட்டை உடைத்தவர்தான் என்பது ரெஜினாவுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. எதையும் அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டு, “போவட்டும், பாப்போம்,” என்று நீட்டினார்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. குறைகள் சரியாகும்வரை கொள்முதல் இல்லை. கொட்டகை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்தது. ஆடி பிறந்ததும் பூட்டப்பட்டது. பொய்யாக ‘ஆம்’ போட்டு அனுப்பிய பக்கத்து நிறுவனங்களில் கட்டைச் சத்தம் வழக்கம்போல் கேட்டது.

வாசலில் நின்ற பெண்களிடம் ரெஜினா என்னவோ சொல்ல முயன்றாள். வீராயி கையை உயர்த்தி நிறுத்தினாள். “எங்கிட்ட கையக் காட்டச் சொன்னியே, எதுக்குன்னு சொன்னியாம்மா? நீ எழுதுன எழுத்துல எங்க எல்லாருக்கும் வேல போச்சி. கை எரிஞ்சாலும் எங்க கைதானே எரிஞ்சிது?”

கபார் ரெஜினாவை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். “உக்காந்து சாப்பிடு,” என்றான் பெனடிக்ட். “பொய்யா எழுதிட்டோம்னு ஆயிருந்தா மட்டும் உனக்குத் தூக்கம் வந்திருக்குமா?”

“அப்பவும் வந்திருக்காது. ஆனா அவங்களுக்கு வேலை இருந்திருக்கும்.”

கொட்டகை பூட்டிக்கிடந்த எட்டு மாதத்தில் அவள் போகாத இடமில்லை. கொல்லத்துக்குப் போய், கொட்டையை அவித்து, கையில் எண்ணெய் அதிகம் படாமல், காலால் மிதிக்கும் கருவியில் வெட்டுவதைப் பார்த்தாள். சென்னையில் காந்திமதி என்ற பொருளாதார ஆய்வாளரைத் தேடிப்பிடித்தாள். வெளிநாடுகளில் வர்த்தகப் பேச்சுவார்த்தைகளுக்குப் போய்வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. அவர் இரண்டுமுறை காடாம்புலியூருக்கு வந்து, ஹாலந்துக்காரர்களுக்குத் தம் கைப்பட எழுதினார். கபார் கருவிகள் வாங்கினார், கழிப்பறை கட்டினார், ஓடு எரிப்பதை நிறுத்தி எண்ணெய் ஆலைக்கு அனுப்பினார். ஹாலந்து ஆர்டர் மறுபடி வர, அடுத்த வருஷம் பங்குனியில் கொட்டகை திறந்தது.

ஆனால் காலால் மிதிக்கும் கருவிகளுக்கு நாற்பத்தெட்டு பேர் போதும். முதல் வாரத்தில் வந்தவர்களைக் கொண்டே இடம் நிரம்பிவிட்டது. அதற்குள் வேறு வேலை பிடித்துப் போனவர்களும், சேதி தெரியாதவர்களுமாக இருபத்துமூன்று பேர் வெளியே நின்றார்கள். வீராயி அவர்களில் ஒருத்தி.

2001-இல் சென்னையில் ஒரு பயிலரங்கு. காந்திமதிதான் ரெஜினாவை அழைத்திருந்தார். கையில் கொடுத்த புத்தகத்தின் முதல் பக்கங்களில் வல்லுநர்களின் தொழில் அனுபவம் அச்சாகியிருந்தது. ஒருவர் வர்த்தகச் சட்டத்தில் முப்பது வருஷம். ஒருவர் மூன்று நாட்டு அரசுகளுக்கு ஆலோசகர். இன்னொருவர் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் இரண்டு முனைவர் பட்டம். அவர்களுக்கு நடுவே அவள் பெயரும் இருந்தது. பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் சென்டர், கப்பல் அலுவலகம் எல்லாம் சேர்ந்து ‘பன்முக அனுபவம் கொண்டவர்’ என்று ஆகியிருந்தன. அப்பா திட்டிய திட்டெல்லாம் இங்கே தகுதியாகிவிட்டதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. ‘இவருடைய முயற்சியால் எழுபத்தொரு பெண்களின் பணிச்சூழல் மேம்பட்டது.’

அவளைப் பேச அழைத்தபோது தயாரித்து வைத்திருந்த தாளை மடித்தாள். “என்னப் பத்தி எழுதியிருக்கிற கணக்கு தப்புங்க. நாற்பத்தெட்டுதான். மீதி இருபத்துமூணு பேருக்கு வேலை போச்சு.”

“அவங்க இப்ப என்ன செய்யறாங்க?” என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்டார்.

“தெரியாதுங்க,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே தேநீர் வேளையில் காந்திமதி பக்கத்தில் வந்து நின்றார். “அந்த வரி நான் எழுதினது. எழுபத்தொண்ணுன்னு முதல்ல கேட்டது மனசுல நின்னுபோச்சு. அடுத்த பதிப்புல திருத்திடறேன். ஆனா அந்தத் ‘தெரியாது’வை என்ன பண்ணப் போறீங்க?”

“போய்ப் பாக்கறேன் மேடம்.”

விடுமுறை நாட்களில் ரெஜினா ஊர் ஊராகப் போனாள். பெனடிக்டும் ஷிப்ட் இல்லாத நாளில் பைக்கில் கூட்டிப்போனான். ஆறு பேர் பக்கத்து நிறுவனத்தில் பழைய மாதிரியே கட்டையால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பலாத்தோப்பில். ஒருத்தி மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். கம்மாபுரம் பக்கம் கட்டட வேலையில் மூன்று பேர் கிடைத்தார்கள். வீராயியைக் கண்டுபிடிக்கத்தான் நாள் ஆயிற்று. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரக்கன்று நடும் கான்ட்ராக்ட் வேலையில் பழைய கொட்டகைக்காரிகள் நான்கு பேரோடு இருந்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளை ரெஜினா சாயங்கால வெயிலில் பிடித்தாள்.

“இங்கயும் கையப் பாக்க வந்தியா?” என்றாள் வீராயி.

“இல்லக்கா. உங்ககிட்ட சொல்லாம எழுதினது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

வீராயி வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள்; ரெஜினாவும் கூடவே ஏறினாள். பாதி தூரம் பஸ் போன பிறகு, “இங்க கை எரியல. முதுகுதான் நோவுது,” என்றாள். சமாதானமாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று ரெஜினாவுக்குப் புரியவில்லை.

மறுவருஷம் கடலூரில் ஏற்றுமதியாளர்கள், அதிகாரிகள், காந்திமதியின் குழு எல்லோரும் கூடிய ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு வீராயியை அழைக்க ரெஜினா மூன்றுமுறை நடந்தாள்.

“வந்து அழுவணுமா?” என்றாள் வீராயி.

“அழ வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க.”

“அப்ப முன்னால நாற்காலி போடு. பின்னால குந்தவச்சி, கைய மட்டும் காட்டச் சொன்னா வரமாட்டேன்.”

முன்னால் நாற்காலி போட்டார்கள். பேசுபவர்களின் அனுபவக் குறிப்பை அங்கேயே எழுதித்தரச் சொன்னபோது ரெஜினா தாளோடு வீராயியிடம் குனிந்தாள். “எத்தன வருஷம்க்கா?”

“பத்து வயசுலேருந்து. முப்பது வருஷம் முந்திரி. இப்ப ரெண்டு வருஷமா மண்மேட்டுல கன்னு நடறேன். ஒரு நாளைக்கு நூத்தம்பது குழி. எழுதிக்க.”

அவள் சொன்னபடியே எழுதி, வல்லுநர்கள் பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்தாள் ரெஜினா. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். காந்திமதி அந்தத் தாளை வாங்கி, படித்துவிட்டு, அப்படியே வாசிக்கக் கொடுத்தார்.

வீராயி அதிகம் பேசவில்லை. “மிசினு வாங்க ஆறு மாசம் யோசிச்சீங்க. எத்தினி பேரு வெளிய போவோம்னு அப்பவே உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும் கதவு தொறந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. மொதல்ல எங்ககிட்ட சொல்லணும். சொல்லிட்டு, வேற வேல காட்டிட்டு, அப்புறம் வாங்கணும்.” சொல்லி முடித்ததும், மறுநாள் முதல் ஷிப்ட் என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

கபார் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்துப் பருப்பைத் தரம் பிரிக்கும் பகுதியைப் பெரிதாக்கி, வெளியே போனவர்களில் ஒன்பது பேரை மீண்டும் எடுத்தார். வீராயிக்கும் சொல்லியனுப்பினார். அவள் வரவில்லை. கூட்டத்தில் அவள் சொன்னது காந்திமதியின் அறிக்கையில் ஒரு நிபந்தனையாகவே இடம்பெற்றது. ஹாலந்துக்காரர்கள் அடுத்து அனுப்பிய படிவத்தில் முப்பத்துமூன்றாவது கேள்வியாக வந்தது.

2005-இல் ரெஜினா காந்திமதியின் குழுவில் சேர்ந்தாள். உப்பளம், தோல் தொழிற்சாலை, இறால் பண்ணை என்று மாதத்தில் பாதி நாள் பயணம். எந்தத் தொழிலிலும் முதலில் கேள்வித்தாளை எடுப்பதில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவாள். வருஷத்துக்கு வருஷம் அவளுடைய அனுபவக் குறிப்பு நீண்டுகொண்டே போனது.

இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேரை அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாலு பேர் கிடைக்கவில்லை. பண்ருட்டி பஸ் நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் இறங்கிவிடுவாள். கூட்டத்தில் நடந்து, கூடையும் பையுமாக நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்ப்பாள். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் ஓடிவந்து ஏறுவாள்.