அப்பாவின் குடலும் என் உயிரியலும்

ஓலைத்தொடுவாய் என்ற கடலோர ஊரில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். உயர்தரச் சோதனையில் உயிரியலுக்கு ஏ எடுத்த பிறகு என் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் இல்லை; சாப்பாடு, மருந்து எதுவென்றாலும் அம்மா என்னிடம்தான் கேட்பார். பல்கலைக்கழகம் தொடங்கக் காத்திருந்த மாதங்களில் அது பெருமையாக இருந்தது. ஆனால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பவர்கள்கூடப் பேச்சைக் குறைத்துவிடுவார்கள்.

கரைவலை இழுக்கையில் அப்பாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. ஆசுப்பத்திரியில் ஐந்து நாளைக்கு அன்டிபயோட்டிக் குளிசை கொடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. கிருமி மிஞ்சியிருக்கும் என்று நானாக முடிவெடுத்தேன். எங்கள் ஊரில் குளிசை மிஞ்சினால் எறியமாட்டார்கள். நாலைந்து வீடுகளில் கேட்டு, பெயர் பார்த்து, அதே குளிசைகளைச் சேர்த்து அப்பாவுக்குத் தொடர்ந்து கொடுத்தேன்.

சில நாளில் வயிற்றோட்டம் தொடங்கியது. அதுவும் கிருமியின் வேலைதான் என்று நினைத்து, காலையில் இன்னொரு குளிசையைக் கூட்டினேன். அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கினார். ஞாயிறு பூசைக்கு எழும்பியவர் வாசலிலேயே விழுந்தார்.

ஆசுப்பத்திரி வாட்டில் சேலைன் ஏற்றிய டொக்டர், இத்தனை நாள் குளிசை குடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நானாத்தான் குடிச்சனான் டொக்டர். பிள்ளைக்குத் தெரியாது" என்றார் அப்பா.

"இல்லை டொக்டர், நான்தான் குடுத்தனான்."

டொக்டர் ஏசவில்லை. குடலில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் இருப்பதையும், அவை செரிக்க உதவுவதோடு இடத்தைப் பிடித்துவைத்து நோய்க்கிருமிகளைப் பெருகவிடாமல் தடுப்பதையும் சொன்னார். குளிசைக்கு நல்லது கெட்டது தெரியாது. நல்லவை அழிந்தால் கெட்டவை பெருகும், பழைய நிலைக்குத் திரும்பக் கிழமைக்கணக்காகும் என்றார். எல்லாம் நான் படித்ததுதான். சோதனையிலும் எழுதியிருக்கிறேன். அப்படியொரு குடல் அப்பாவுக்கும் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னதோட விட்டிருக்கலாமே பிள்ளை. பக்கத்துக் கட்டில்ல எங்கட ஊர்ச் சனம் கிடந்தவை, எல்லாம் கேட்டிருப்பினம்."

"பொய்தானே அப்பா."

"உனக்காகச் சொன்னனான்."

அதன்பிறகு அவர் யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை, அப்பாவின் கஞ்சிக்கு எவ்வளவு உப்புப் போடலாம் என்று அம்மா கேட்பது அறைக்குள் எனக்குக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.