தன் கடையில் படாத குண்டு

கடையின் இரும்புச் சட்டரைப் பாதிக்கு மேல் ஒரே இழுப்பில் தூக்கமாட்டாள் புஸ்பவதி. பாதியில் நிறுத்தி, குனிந்து, அந்த இடைவெளியால் எதிர்க்கடைக் கண்ணாடியைப் பார்ப்பாள். ஓட்டை அப்படியே இருக்கிறது. இன்றும் கண்ணாடி மாற்றவில்லை. "மாத்துவாவோ? அதுதானே இப்ப அவவின்ர மூலதனம்" என்று முணுமுணுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்குவாள். அந்தத் தூக்கலில் மேல்மாடிக்காரர்கள் எல்லோருக்கும் பொழுது விடிந்துவிடும்.

எதிர்க்கடை கொறற்றியுடையது. உடுப்புத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடை. இந்த வசந்தத்தில் ஒருநாள் பின்னேரம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் போதைத் தூள் விற்கிற இரண்டு கூட்டங்கள் தெருமூலை யாருக்குச் சொந்தம் என்று மோதிக்கொண்டன. ஒருவன் துவக்கை எடுத்துவிட்டான். யாருக்கோ வைத்த குறி தவறி, குண்டு கொறற்றியின் கண்ணாடியைத் துளைத்து, காட்சிக்கு நின்ற பொம்மையின் கல்யாண உடுப்பில் சரியாக நெஞ்சுக்குள் போய்விட்டது. மனிதர் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. குண்டு பட்டது பொம்மைக்கு. பேர் வந்தது கொறற்றிக்கு. அன்றிலிருந்து வயிறு எரிகிறது புஸ்பவதிக்கு.

எரியாமல் என்ன செய்யும்? பத்திரிகைக்காரர் வந்தார்கள், தொலைக்காட்சி வந்தது, நகரசபையிலிருந்து பூங்கொத்து வந்தது. எல்லாப் படத்திலும் கொறற்றி கழுத்தில் அளவுநாடாவோடு நிற்கிறாள். "கடைக்குள்ள ஒருநாளும் நாடாவைக் கழுத்தில போட்டு நான் காணேல்லை. எப்பவும் மேசைக்குக் கீழ கிடந்து தேடுவா. கமராவைக் கண்டதும் அது தானா ஏறிக் கழுத்தில இருக்குது" என்பது புஸ்பவதியின் விமர்சனம். அதில் பொய்யில்லை.

தன் கியோஸ்க் பெட்டிக்கடையையும் அவள் சோதிக்காமல் விடவில்லை. ரோர்ச் அடித்துச் சட்டரின் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் தகடு நெளிந்து ஒரு சப்பளிவு அகப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவனைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினாள். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பியர்ப் பெட்டி கொண்டுவரும் சாரதி தன் தள்ளுவண்டியை அதே சப்பளிவில் கொண்டுபோய் முட்டினான். பத்திரிகைக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கோலா வாங்கிப் போனான்.

புஸ்பவதியின் கியோஸ்க் ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத அறை. பியர்ப் பெட்டி மேல் மெத்தை போட்டு, அதன்மேல் அவள். கம்பளிச் சட்டைக்கு மேலே கணவரின் பழைய ஜக்கெற். சின்னதொரு ஜன்னலால் சிகரெட்டும் பியரும் போகும், காசு வரும். அயலவர்கள் இல்லாத நேரத்தில் வரும் பார்சல்களும் அவளிடம்தான் தங்கும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து ரோல்ஸ் செய்து கொண்டுவருவாள். உறைப்பென்று யாராவது சொன்னால், "உறைக்காட்டி அது ரோல்ஸோ?" என்று ஜெர்மனிலேயே அதட்டுவாள். வாடிக்கையாளர்களின் சொந்தப் பெயர் அவளுக்கு வேண்டியதில்லை. வாங்குகிற பொருளே பெயர். லைட்டர்க் கிழவர். பூனைச்சாப்பாட்டு மனிசி. பீச் ரீ.

போத்தலில் அடைத்த பழத்தேநீர் வாங்கும் இந்தப் பீச் ரீயிடம் பிறகு வருவோம்.

கொறற்றியும் அவளும் முன்பு இப்படி இல்லை. ஆவணியில் கெவலார் மாதா கோயிலுக்குக் கொறற்றி போனால் புஸ்பவதியும் மெழுகுதிரி கொளுத்தக் கூடவே போவாள். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் புஸ்பவதி போனால் கொறற்றியும் வந்து, வெயிலில் நின்று சர்பத் குடித்து, வடம் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். இந்த வருடத் தேருக்குப் புஸ்பவதி தனியாகப் போனாள். போதாக்குறைக்கு, சேலைச் சட்டையை வேறொரு தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பித்திருந்தாள். கை தூக்க ஏலாமல் தோளில் இறுக்கிப் பிடித்தது. அர்ச்சனைத் தட்டை நெஞ்சளவுக்கு மேலே உயர்த்தாமலே அம்மனைக் கும்பிட்டு வந்தாள். அதற்கும் கணக்கு கொறற்றி மேல்தான்.

பொறாமை அவளுடைய அரசியலையும் மாற்றிவிட்டது. சத்தத்தைக் கேட்டே எந்தத் துவக்கென்று சொல்லத் தெரிந்த வயதில்தான் அவள் நாட்டை விட்டு வந்தவள். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே, "உலகத்தில இருக்கிற எல்லாத்தையும் கொண்டுபோய் றைன் ஆத்துக்குள்ள கொட்டவேணும்" என்பாள். அந்த விஷயத்தில் அவளுக்கு இரண்டாம் பேச்சே இருந்ததில்லை. இப்போது இந்தத் தெருவை ஆயுதத் தடை வலயமாக்க வேண்டும், பொலிஸார் யாருடைய பையையும் திறந்து பார்க்க அதிகாரம் வேண்டும் என்று ஒரு இயக்கம் கிளம்பியிருக்கிறது. அதன் சுவரொட்டியில் கொறற்றியின் முகம். ஆகவே புஸ்பவதி தடைக்கு எதிரி.

"பலகையில எழுதிப் போட்டால் துவக்கு வாசிச்சிட்டுத் திரும்பிப் போகுமோ?" என்று சிகரெட் கொடுக்கும்போது கேட்பாள். "அப்ப நான் மரக்கறி வெட்டுற கத்தியை வாங்கிக்கொண்டு இந்த ரோட்டால வர ஏலாது, என்ன?" என்று பியர் கொடுக்கும்போது கேட்பாள். லைட்டர்க் கிழவர் துப்பாக்கி சுடும் சங்கத்தில் அங்கத்தவர். அவர் தலையாட்டத் தலையாட்ட இவளுக்கு வாதம் ஊறும். மகள் சிவானுஜா ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்கிறவள். ஒருநாள் கியோஸ்க்குக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நீங்கள் சட்டத்துக்கு எதிரி இல்லை. கொறற்றி அன்ரிக்கு எதிரி" என்றாள். அன்று மகளுக்கு ரோல்ஸ் கிடைக்கவில்லை.

ஆனால் மகளுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. சுட்டவனைப் புஸ்பவதி கண்டவள்.

அன்று சத்தம் கேட்பதற்குச் சற்று முன்னர்தான் அவன் ஜன்னலில் பீச் ரீ வாங்கினான். கட்டையான ஆள், மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகம். போத்தல் கைக்கு வந்ததும் 'டான்க' என்று நன்றியும், போகும்போது 'வாறேன் அன்ரி' என்ற கணக்கில் 'ட்சூஸ், ரான்ற'வும் சொல்லாமல் போகாதவன். அந்த 'ரான்ற'வில் அவளுக்கு ஒரு இரக்கம்கூட இருந்தது. போத்தலை மதில்மேல் வைத்தான், ஜக்கெற்றுக்குள் கைவிட்டான், நீட்டினான். அவளுடைய பியர்ப் பெட்டி ஆசனத்திலிருந்து பார்த்தால் தெருமூலை மேடைபோலத் தெரியும்.

பொலிஸார் வந்து கேட்டபோது, "நான் கீழ குனிஞ்சு பெட்டி எடுத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள். மறுநாள் அவன் வழமைபோல வந்தான். பீச் ரீயை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. அவளுடைய கண்ணைப் பார்த்து, எல்லாம் நலமா ரான்ற என்று கேட்டான். எல்லாம் நலம் என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனான். அதன்பிறகு அவனுக்கு மட்டும் போத்தலை நேரே கொடுக்காமல் ஜன்னல் பலகையில் வைத்துவிடுவாள்.

பயம் பெரியதா, பொறாமை பெரியதா என்று கேட்டால் புஸ்பவதிக்கே சொல்லத் தெரியாது. பகலில் பொறாமை, அவன் வரும்போது பயம். அவளை அரித்தது இதுதான்: எல்லாவற்றையும் கண்டவள் வாயை மூடிக்கொண்டு பியர் விற்கிறாள். கடைக்குப் பின்னறையில் நின்று காற்சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தவள் உலகத்துக்குச் சாட்சி சொல்கிறாள். சாட்சியும் சும்மா நிற்கவில்லை. முதலில் கொறற்றி 'சத்தம் கேட்டது' என்றாள். பிறகு 'ஒரு நிழல் ஓடியது' என்றாள். கோடை முடிவதற்குள் அந்த நிழலுக்குக் கையும் காலும் வந்துவிட்டன. "கிழமைக்கு ஒரு முழம் துணி கூட வைச்சுத் தைக்கிறா" என்று புஸ்பவதி பல்லைக் கடித்தாள்.

இலையுதிர் காலத்தில் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தடை வலயம் வேண்டுமா வேண்டாமா என்று தெருக்காரர்களே பேசலாம். நகரசபையிலிருந்து லாரா என்ற பெண் நடத்தினாள். மேடையில் கொறற்றிக்கு ஒரு நாற்காலி, பெயரெழுதிய அட்டை. முன்வரிசையில் பொலிஸ் அதிகாரிப் பெண் ஒருவர், பக்கத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சியின் கமரா. புஸ்பவதி நடுவரிசையில் இறுக்கமான சேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மேடைக்கு அழைப்பில்லாவிட்டாலும் அலங்காரத்துக்குக் குறைவில்லை.

லைட்டர்க் கிழவர் எழுந்து, தங்கள் சங்கத்துத் துப்பாக்கிகள் எல்லாம் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன, திருட்டுத் துவக்குக்காரனைப் பிடிக்க முடியாமல் எங்களுக்குப் பூட்டுமேல் பூட்டுப் போடுகிறீர்கள் என்றார். சிலர் கைதட்டினார்கள். பார்சல் வான் ஓட்டும் தாரகன் எழுந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், நெடிய ஆள், அடர்ந்த தாடி. "வலயம் எண்டு வந்தால் என்ர பையைத்தான் முதல் திறப்பினம். ஒவ்வொரு நாளும் திறப்பினம்" என்று பக்கத்திலிருந்த புஸ்பவதியிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே மண்டபத்துக்கு ஜெர்மனில் சொன்னான். அதற்கும் கைதட்டல். பொலிஸ் அதிகாரி இருவரையும் மறுக்கவில்லை. ஒரு துவக்கு தெருவில் குறைந்தாலும் லாபம்தானே என்றார். புஸ்பவதியின் மனம் தன்னையறியாமல் 'ஓம்' என்றது. உடனே சுவரொட்டி ஞாபகம் வந்து அதை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

பிறகு கொறற்றியின் முறை. ஒலிவாங்கியை வாங்கியதும் அவளுடைய ஜெர்மன் தடக்கென்று உயர்ந்துவிடும். கண்ணாடி உடைந்ததைச் சொன்னாள், அந்த உடுப்புக்குச் சொந்தக்காரியான கல்யாணப் பெண் அழுததைச் சொன்னாள். யாரோ கேட்டார்கள்: சுட்டவனைப் பார்த்தீர்களா? மண்டபம் அமைதியானது. அந்த அமைதி கொறற்றியைக் கெடுத்துவிட்டது. பார்த்தேன், என்றாள். நெடிய ஆள். தாடி வைத்திருந்தான்.

தலைகள் ஒவ்வொன்றாகத் தாரகன் பக்கம் திரும்பின. ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. தாரகன் தாடியைக் கையால் மூடிக்கொண்டான்.

தாரகனுக்காகத்தான் புஸ்பவதி எழுந்தாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவனுக்காகவும் கொஞ்சம் எழுந்திருக்கலாம். ஆனால் அவளை நாற்காலியிலிருந்து கிளப்பியது கொறற்றியின் வாயிலிருந்து வந்த அந்தப் 'பார்த்தேன்'. தான் இத்தனை மாதம் பயந்து பயந்து காத்து வைத்திருந்ததை இன்னொருத்தி எடுத்து உடுத்திக்கொண்டு மேடையில் நிற்கிறாள்.

"பொய் சொல்லாதையும் கொறற்றி!" சேலைச் சட்டை தோளில் படாரென்று தையல் விட்டது. "நீர் பின்னுக்கு நிண்டு அயன் பண்ணினனீர். நான்தான் கண்டனான்! அவன் கட்டைப் பொடியன். தாடியுமில்லை, ஒண்டுமில்லை. என்ர கடையில பீச் ரீ வாங்கிப் போட்டுத்தான் சுட்டவன்!"

தமிழ் விளங்காத முகங்களைப் பார்த்து எல்லாவற்றையும் ஜெர்மனில் மறுபடி சொன்னாள். எங்கே நின்றான், போத்தலை எங்கே வைத்தான், எந்தப் பக்கம் ஓடினான். இப்போது ஒவ்வொரு கண்ணும் அவள் மேல். நகரசபையின் லாரா எழுதுவதை நிறுத்திவிட்டாள். புஸ்பவதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. சொல்லத்தான் வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

கதவோரம் சுவரில் சாய்ந்து நின்ற இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் கைபேசியை எடுத்துக்கொண்டே வெளியே போனான். மற்றவன் போகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அவளுக்குத் தான் சொன்னது என்னவென்று விளங்கியது. நாளைக்கும் சட்டரைத் தூக்கவேண்டும். அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பொலிஸ் அதிகாரி எழுந்து கதவைப் பார்த்து விரைந்தார். கமராக்காரன் முக்காலியிலிருந்து கமராவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நாற்காலிகளைத் தள்ளியபடி அவளை நோக்கி வந்தான். இத்தனை மாதம் அவள் ஏங்கிய கமரா. சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்தாள். ஊசி குத்தியிருந்ததால் தலைப்பு வரவில்லை.

கொறற்றி மேடையிலிருந்து இறங்கி ஓடிவருவது தெரிந்தது. வந்தவள் நேரே கமராவுக்கு முன்னால் போய் நின்றாள். 'இங்கயும் வந்திட்டாளோ' என்று அந்தப் பயத்திலும் புஸ்பவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொறற்றி கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தன் கோட்டின் இரண்டு பக்கத்தையும் அகல விரித்துப் பிடித்து, "குனியுங்கோ அக்கா, முகம் தெரியுது" என்றாள்.