சுண்ணாம்பு வளையம் போட்ட மரங்கள்

எண்ணூர் கழிமுகத்தில் எந்த மரத்தை ஜனங்கள் விறகுக்கு வெட்டலாம் என்று முடிவு செய்தவன் நான். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். உப்பங்கழிக் கரையில் ஒரு ஓட்டுக் கட்டிடம், இரண்டு மேஜை, ஒரு மண்பானை, ஒரு வாட்சர், ஒரு குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா நான். மேலதிகாரி மாதம் ஒருமுறை பட்டணத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். மிச்ச நாளெல்லாம் அங்கே நான் வைத்ததுதான் சட்டம்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. விறகுக்கும் கார்டு. கார்டைக் காட்டி டிப்போவில் வாங்கும் கட்டை பாதி நாள் ஈரமாக இருக்கும். அடுப்பில் வைத்தால் புகையும், எரியாது. ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து, கழிமுகத்துப் புறம்போக்கில் கண்டதை வெட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். திருட்டைத் தடுப்பதைவிட அதற்கு ஒரு சீட்டுக் கொடுத்துவிடுவது சுலபம் என்று மேலே யாருக்கோ தோன்றியது. அப்படி வந்ததுதான் தலைச்சுமைப் பர்மிட். ஒரு சீட்டுக்கு நாலு சுமை. சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வெட்டி, அவரே தலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆள் மாறினால் சீட்டு ரத்து. அந்தக் கடைசி விதி நான் சேர்த்தது. இல்லாவிட்டால் விறகு வியாபாரிகள் ஊர்ப் பெயரையெல்லாம் எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்கிப் படகு படகாக ஏற்றிவிடுவார்கள். அந்த விதியைப் பற்றி எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

முதல் வாரமே சண்டை வந்துவிட்டது. கழியில் மீன் பிடிக்கிறவர்களுக்கும் அந்த மரங்கள்தான் ஆதாரம். வலை கட்டக் கம்பு, குடிசைக்குக் கழி, ஆட்டுக்குத் தழை எல்லாம் அங்கிருந்துதான். அவர்கள் அளவோடு கிளை கழித்து வைத்திருக்கும் மரத்தில் பட்டணத்து ஆள் ஒருவன் சீட்டைக் காட்டிக் கத்தி வைத்தால் சும்மா இருப்பார்களா? கத்தியைப் பிடுங்கினார்கள், கட்டிய சுமையை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்கள். இரண்டு பக்கமும் என்னிடம் வந்து நின்று கத்தும். தினமும் பஞ்சாயத்துப் பேசியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. வாட்சரைக் கூட்டிக்கொண்டு கரையோரமாக நடந்து போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா மரத்திலும் கிளை கழித்த தழும்பு இருந்தது. தண்ணீரைவிட்டுச் சற்று உள்ளே, மேட்டுப் பக்கமாக ஒரு கூட்டம் மரங்கள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. நெருக்கமாக வளர்ந்து, பச்சை இலைக்கு நடுவே சிவப்பாகப் பழுத்த இலைகளோடு பார்க்க அழகாகவே இருந்தன. ஆட்டுப் புழுக்கைகூட அந்தப் பக்கம் இல்லை. யாரும் தொடாத மரம் என்றால் யாருக்கும் வேண்டாத மரம். யாருக்கும் வேண்டாத மரத்தைக் கொடுத்தால் சண்டை வராது. நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

வாட்சர் மேற்கே மலைக்காட்டில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவன். உப்புத் தண்ணீரில் மரம் முளைக்கும் என்பதே அவனுக்குப் புதுசு.

"இது என்ன மரம்யா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். ஏதோ காட்டு மரம்."

எங்கள் பர்மிட் பாரத்தில் மர வகைக்கு ஒரு கட்டம் உண்டு. சவுக்கு, வேம்பு, புளி, பனை என்று வரிசையாக அச்சடித்து, கடைசியில் 'இதர' என்று ஒன்று இருக்கும். இதர என்று போட்டால் போயிற்று என்று திரும்பி வந்தேன். மீன்காரர்களைக் கேட்கவில்லை. கேட்டால் இதற்கும் உரிமை கொண்டாடுவார்கள் என்று பயம். அந்த மரங்களுக்கெல்லாம் மார்பு உயரத்தில் சுண்ணாம்பில் ஒரு வளையம் போடச் சொன்னேன். வளையம் போட்ட மரத்தை மட்டும்தான் வெட்டலாம் என்று ஆபீஸ் கதவில் எழுதியும் ஒட்டினேன்.

மறுநாள் காலை முதல் ரயிலில் வந்து முதல் ஆளாக நின்றவள், டோல்கேட் பக்கம் தெருவோரத்தில் ஆப்பம் சுட்டு விற்கிற ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் கத்தி, தோளில் சும்மாடும் கயிறும். துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து அவள் புருஷனுக்கு ஒரு கால் விளங்காமல் போய்விட்டது. அடுப்பு எரிந்தால்தான் வீட்டில் சோறு. இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னாள்.

"டிப்போ கட்டைய வச்சி ஒண்ணும் வேவ மாட்டேங்குது, ரைட்டர் சார். மில்லுக்குப் போற ஆளுங்க ஆப்பத்துக்கு நின்னுகினே கீறாங்க, சங்கு ஊதிடுது, போய்டறாங்க. நல்லா எரியற மரமா பாத்து குடு, நா காய வச்சிக்கறேன்."

பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள், கதவு நம்பரைச் சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு பேர நா எப்டி சார் சொல்றது? கார்டுல எழுதிகீது."

"கார்டைக் காட்டு."

"வூட்டுல கீது."

"அப்போ போய் எடுத்துக்கிட்டு வா. பேர் இல்லாம பர்மிட் எழுத முடியாது."

போய் வருவதென்றால் அன்றைய பொழுதே போய்விடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டத்தை நிரப்பாமல் விடுவது என்ற பேச்சே அப்போது என்னிடம் கிடையாது. அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாய்க்குள்ளேயே அந்தப் பெயரைச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முகம் சிவந்து சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த சீட்டு, அதற்கடுத்தது என்று ஆறேழு எழுதியிருப்பேன். வாட்சர் ஓடிவந்தான். மேல்துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடிவந்தான்.

"சார், அந்தம்மா விழுந்து கெடக்குது சார். கண்ணு, சார்."

நானும் ஓடினேன். அந்த மேட்டில் அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்கு நேரே இருந்த மரத்தில், சுண்ணாம்பு வளையத்துக்குக் கீழே, ஒரே ஒரு வெட்டு. அந்த வெட்டிலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, எருக்கம்பாலைவிடக் கெட்டியாக. கத்தியிலும் பால், கையிலும் பால். ஓங்கி வெட்டிய வேகத்தில் அது முகத்தில் தெறித்திருக்கிறது. எரிச்சல் தாங்காமல் அதே கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறாள். கன்னமெல்லாம் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது.

ஒரு மரம் இப்படிச் செய்யுமா என்று அதையே வெறித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் மீன்காரர்கள் வந்துவிட்டார்கள். அவளுடைய கைகளைப் பிடித்து விலக்கிக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, குழந்தையைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கண்ணிலும் தாய்ப்பாலைப் பீய்ச்சினாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது.

வயதான மீன்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். தினம் என்னோடு சண்டை போடுகிறவர்தான். அன்று அவர் குரல் உயரவேயில்லை.

"தில்ல மரம், நைனா இது. இதும் பாலு பட்டா கண்ணு அவிஞ்சிடும். பொகைகூட ஆவாது. எங்க பசங்களுக்கு நடக்கக் கத்துக்குடுக்கும்போதே இத்தையும் காட்டிக் குடுத்துடுவோம். யாரு வெட்டச் சொன்னது?"

வாட்சர் என்னைப் பார்த்தான்.

"வளையம் போட்டுகீறத நேத்தே பாத்தோம். சர்க்காருக்கும் வெவரம் தெரிஞ்சிகீதே, யாரும் தொடக்கூடாதுன்னு கோடு போட்டுகீறாங்களேன்னு எங்காளுங்கல்லாம் சந்தோஷப்பட்டுகினு கீறாங்க."

தில்லை என்றால் சிதம்பரம் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் குடும்பத்தோடு போய்த் தரிசனம் செய்துவிட்டு வருகிறவன். அந்த ஊருக்குப் பேர் கொடுத்த மரத்தின் முன்னால் நின்றுகொண்டு, பேர் தெரியாமல் வளையம் போட்டிருக்கிறேன். அப்போதுதான் நான் கொடுத்த மற்றச் சீட்டுகள் ஞாபகம் வந்தன. பைத்தியம் பிடித்தவன் மாதிரி மேட்டுக்கும் கரைக்கும் ஓடி, ஒவ்வொருவர் கையிலிருந்தும் சீட்டைப் பிடுங்கினேன். ஒரு ஆள் ஓங்கிய கத்தியை மீன்காரப் பையன்கள் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். நல்ல வேளை, வேறு யாரும் வெட்டியிருக்கவில்லை.

அவளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பட்டணத்தில் கண்ணாஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். பார்வை வருமா என்று கேட்டேன். கட்டு அவிழ்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்கே தெரியாது. நானும் வாட்சரும் ஈரச் சாக்கை வைத்து வளையங்களையெல்லாம் தேய்த்து அழித்தோம். ஒருநாள் விடிகாலையில் டோல்கேட் போனேன். அவள் இடத்தில் அவள் புருஷன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓரம் கருகி, நடு வேகாமல் இருந்தது. மில் ஆட்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தின்றார்கள்.

"ஒனக்கு இன்னா வோணும்பா?" என்றார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். என் கையெழுத்தில் அது ரிஜிஸ்தரில் இருக்கிறது. நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு ஆப்பம் வாங்கி அங்கேயே நின்று தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். இடது கண் பிழைத்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்து, கருமணியே தெரியவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த சீட்டை எடுத்து வைத்தாள். அன்று நான் எழுதிய சீட்டுதான்.

"இதுல நாலு சொம பாக்கி கீது, சார்."

"தரேம்மா. ஆபீசுக்குப் பின்னாடி சவுக்குத் தோப்புல வெட்டிக்கோ." அந்தத் தோப்பு டிப்போவுக்கு ஒதுக்கியது. எவன் கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "நீ வெட்ட வேணாம், வாட்சர் வெட்டித் தருவார்."

அவள் நகரவில்லை. சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த மரத்து பேரு இதுல எங்க போட்டுகீது? காட்டு."

நான் 'இதர' என்பதன் மேல் விரலை வைத்தேன்.

"இன்னான்னு எழுதிகீது?"

"இதரன்னு. மத்த மரம்னு அர்த்தம்."

சீட்டைத் தூக்கி இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"கட்டிகினு வந்த நாள்லேந்து அவரு பேர நா வாயால சொன்னதில்ல. பேரு இல்லாம எழுத மாட்டேன்னு சொல்ல வச்ச. ரெண்டு வாட்டி சொல்ல வச்ச. இந்த மரத்து பேர யாராண்டயாவது ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலியா, நைனா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பேனாவை எடுத்து 'இதர' என்பதை அடித்துவிட்டு, மேலே 'சவுக்கு' என்று எழுதி, அதைப் படித்துக் காட்டினேன். சீட்டை மடித்து முடிந்துகொண்டாள்.

வாட்சர் கத்தியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. சீட்டில் தன் பெயர்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தோப்பைப் பார்த்து நடந்தாள். வாட்சர் அவள் பின்னால் போனான். நான் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்டுச் சத்தம் கேட்க வெகு நேரமாயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, அடி மரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோப்பில் சவுக்கைத் தவிர வேறு மரமே கிடையாது. இருந்தும் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, வாட்சரிடம் கேட்டுக்கொண்டுதான் கத்தியை ஓங்கினாள்.

"இதும் பேரு இன்னா?"