துரையின் வெடி வண்டி

காவேரியிலிருந்து தங்கவயலுக்குக் கரண்ட் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். மைசூர் மைன்ஸ் பக்கத்து லயன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம். என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்குக் களிமண் கொட்டகையில் வேலை. பூதிகோட்டைப் பக்கத்து ஏரியிலிருந்து மாட்டு வண்டியில் களிமண் வந்து இறங்கும். நாங்கள் பெண்கள் உட்கார்ந்து அதைப் பிசைந்து குச்சி குச்சியாக உருட்டுவோம். சுரங்கத்துக்குள்ளே பாறையில் துளை போட்டு வெடிமருந்து வைத்ததும், அந்தத் துளையின் வாயை இந்த மண்ணால்தான் இறுக்கி அடைப்பார்கள்.

வெளியூர்க்காரர்கள் இங்கே வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். தாது இடிக்கும் மில் ராப்பகலாக ஓடும். எங்களுக்கு அது கேட்கவே கேட்காது. ஷிஃப்ட் முடிவில் உள்ளே வெடி வைக்கிற நேரமும் எங்களுக்கு அத்துப்படி. அந்த நேரம் இல்லாத நேரத்தில் ஒரு 'டப்' கேட்டால்தான் உருட்டுகிற கை நிற்கும். ஆழத்தில் பாறை சில சமயம் தானாகவே வெடிக்கும். பெரிய வெடிப்பு என்றால் தரையே அதிரும். சின்னது என்றால் தூரத்தில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னதிலும் ஆள் போவதுண்டு.

அப்படிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவோம். ஓடும்போது ஒருத்தியும் பேசமாட்டாள். ஆட்களை ஏற்றிக்கொண்டு இரும்புக் கூண்டான கேஜ் மேலே வரும்வரை தன் ஆளின் பேரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கேஜிலிருந்து இறங்குகிறவனும் முதலில் தேடுவது கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற தன் வீட்டு முகத்தைத்தான்.

இந்த ஊருக்குத்தான் ஓர் இளம் இன்ஜினியர் துரை சீமையிலிருந்து மோட்டார் சைக்கிள் வரவழைத்தார். வந்த புதிதில் அது பரம சாதுவாக ஓடிற்று. புகைக்குழாயின் முனையில் ஒரு டப்பா இருந்தது, சத்தத்தை அது விழுங்கிவிடும். துரைக்கு அது பிடிக்கவில்லை. தையல் மெஷினில் ஏறி வருகிறாயா என்று கிளப்பில் மற்ற துரைகள் கேலி செய்தார்களாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரிடம் விட்டார். இவர் அந்த டப்பாவைக் கழற்றிவிட்டு, குட்டையாக, அகலமாக ஓர் இரும்புக் குழாயை மாட்டிக் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இறக்கத்துல வுட்டா டப்பு டப்புன்னு வெடிக்குது. தொரை என் தோளைத் தட்டினாரு."

"தொரைக்கு இன்னா, கிளப்புல சிரிக்கறதுக்கு ஒரு சத்தம் வேணும். நீங்க எதுக்குத் தலைய ஆட்டினீங்க?" என்று கேட்டேன்.

"தொரை சொன்னா முடியாதுன்னு சொல்ல சொல்றியா?"

மறுநாள் காலையில் கொட்டகையில் இருந்தபோது கேட்டது. டப். எல்லோரும் ஓடினோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, வயிற்றில் பிள்ளை. அவள் புருஷன் அன்று உள்ளே இருந்தான். வழியில் கல் தடுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் வழிய எழுந்து மறுபடி ஓடினாள். போய்ப் பார்த்தால் ஷாஃப்ட்டுக்குப் பக்கத்துச் சரிவில் துரை வண்டியோடு நிற்கிறார். இன்னொரு துரை காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"தொரை வண்டிமா, போங்க. ஒரு வண்டிச் சத்தத்துக்குப் போயி இப்பிடி ஓடியாருவீங்களா?" என்று மேஸ்திரி எங்களை விரட்டினார்.

அவள் முட்டியைத் துடைத்துவிடும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் மறக்கவில்லை. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சோற்றைத் தட்டில் போடாமல் நின்று கேட்டேன், அந்த டப்பாவைத் திரும்ப மாட்ட முடியுமா முடியாதா என்று. "நாலு நாள்ல பழகிடும்" என்றார்.

பழகித்தான் போனது. அதுதான் வயிற்றெரிச்சல். முதலில் ஓடினோம். அப்புறம் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தோம். அப்புறம் தலையை மட்டும் தூக்கினோம். கடைசியில் அதுவும் இல்லை. உள்ளே போன ஆளைப் பற்றி மேலே இருக்கிறவளுக்குச் சேதி சொல்ல அவள் காது ஒன்றுதான் இருந்தது. அந்தக் காதைத்தான் ஒரு மனுஷன் தன் விளையாட்டுக்காகப் பிடுங்கிக்கொண்டார். பிள்ளைகள் அதற்கு வெடி வண்டி என்று பேர்கூட வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மறுபடி அந்தச் சத்தம். தரை அதிரவில்லை. எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது, பாதி எழுந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் உருட்டுகிற மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உக்காருக்கா. உன் ஊட்டுக்காரர் மாட்டின குழாய்தான் கத்துது."

கொட்டகையே சிரித்தது. நாங்கள் உருட்டிக்கொண்டே இருந்தோம். நெடுநேரம் கழித்துத்தான் விபத்துக்கு ஊதும் இன்ஜின் ஹவுஸ் சங்கு நீளமாக ஊத ஆரம்பித்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் புருஷனை மேலே கொண்டுவந்து கோணிமேல் கிடத்தியிருந்தார்கள். மார்பில் பாறை விழுந்திருந்தது. உயிர் இல்லை. கேஜ் வாசலில் மணி அடிக்கிற ஆள் அவளிடம் வந்து தலைப்பாகையைக் கழற்றினார்.

"வரும்போது பேசினாரும்மா. கயித்தாண்ட பாத்து, 'எங்க அவ, வரலியா'ன்னு கேட்டாரு. மறுபடியும் கேட்டாரு. இப்பதான்..."

அவள் உட்கார்ந்து அவன் முகத்திலிருந்த தூசியைத் துடைத்தாள். கையெல்லாம் களிமண். துடைக்கத் துடைக்க அவன் முகத்தில் மண் அப்பியது. நான் என் முந்தானையை நனைத்து எடுத்து வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் டப் டப் என்று கேட்டது. துரை வண்டியில்தான் வந்தார். வாசல் மரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் அவர் வந்து சேரும்வரை ஒவ்வொரு வெடிக்கும் என் தோளில் சாய்ந்திருந்தவளின் உடம்பு தூக்கிப் போட்டது. பெட்டி குழிக்குள் இறங்கியது.

அவளை இன்னொருத்தியிடம் ஒப்படைத்தேன். குழியிலிருந்து வாரிப் போட்ட ஈர மண்ணில் இரண்டு கை அள்ளினேன். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மண்ணை உருட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தேன், அந்த வேலைதானே எனக்குத் தெரியும். துரை வண்டியின் குழாயில் திணித்தேன். வெடித்துளையை அடைக்கும்போது இரும்பு படக்கூடாது, மரத்தால்தான் இடிக்கவேண்டும் என்பார்கள். வேலியிலிருந்து ஒரு குச்சியை உருவி இடித்தேன். குழாய் ஆறவில்லை. விரல் பொசுங்கியது. பொசுங்கட்டும் என்று வாய்வரை அடைத்தேன்.

அடக்கம் முடிந்து துரை பெடலை மிதித்தார், தள்ளிக்கொண்டு ஓடினார், மறுபடி மிதித்தார். வண்டி கிளம்பவில்லை. துரைக்கு ஒரு கை கொடுக்க எப்போதும் பத்துப் பேர் ஓடுவார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. வெயிலில் அந்த மேட்டில் அவரே தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, துணி சுற்றியிருந்த என் விரல்களைப் பார்த்தார். கை கழுவிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"அகலக் குழாய் நம்ம ரோட்டு மண்ண இழுத்துக்குது தொரைன்னு சொல்லிட்டேன். அந்த டப்பாவத் தேடி எடுத்து மாட்டிட்டேன். குழாய உலையில போட்டாச்சு."

"இன்னா சொன்னாரு?"

"சத்தமே இல்லாம போச்சேன்னு வருத்தப்பட்டாரு."

வருத்தப்பட்டாராம். தான் எதைச் செய்தோம் என்று அந்த மனுஷருக்குக் கடைசிவரை தெரியாது. யாரும் போய்ச் சொல்லவுமில்லை. என் வீட்டுக்காரர் மேலும் எனக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை, அது அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு வேலூர்ப் பக்கம் போய்விட்டாள்.

இன்றைக்கும் எங்கே எது டப்பென்றாலும் நான் போட்டது போட்டபடி ஷாஃப்ட்டுக்கு ஓடுகிறேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு வெறுமனே திரும்பி நடக்கிற அந்த வழி மட்டும் எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை.